கரண்ட் போனால் மெதுவாகும் லப்டொப்: ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையொன்றில் தட்டச்சு, போட்டோகொப்பி, பைண்டிங் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் போன மாரியில் ஒரு லப்டொப்பைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். இறுதியாண்டுப் பிள்ளைகள் ஆய்வேடு ஒப்படைக்கும் காலம். கடையில் நிற்க இடமில்லாத நாட்கள்.

"தம்பி, கரண்ட் இருந்தா இதுக்கு ஒண்டுமில்லை. கரண்ட் போனாத்தான் வருத்தம். எழும்ப மூண்டு நிமிசம் எடுக்குது. பிள்ளையள் பென்டிரைவோட வாசலில நிக்குதுகள்."

எனக்கு முன்னால் இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பற்றறி பழுது என்றார். அக்கா புதுப் பற்றறி வாங்கிப் போட்டார். வருத்தம் மாறவில்லை. மற்றவர் எஸ்எஸ்டி (கோப்பெல்லாம் இருக்கும் உள் டிஸ்க்) சாகப்போகிறது, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள் என்று பயமுறுத்தியிருக்கிறார். பழைய பற்றறியையும் அக்கா கூடவே கொண்டுவந்திருந்தார், "ஏதும் தேவைப்படுமோ எண்டு" சொல்லி.

பற்றறியைச் சந்தேகித்தவரை முழுப் பிழை சொல்லமாட்டேன். சுவர் மின்சாரம் இல்லாதபோது லப்டொப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க சிபியு வேகத்தைக் குறைப்பது உண்மைதான். ஆனால் அப்படிக் குறைந்தால் எழும்பும்போது மட்டும் குறையாது, எழும்பிய பிறகும் தெரியும். "எழும்பின பிறகு எப்பிடி அக்கா?" என்று கேட்டேன். "பிறகு பறக்கும்" என்றார். அந்தப் பதிலோடு பற்றறிக் கதையை நான் அரைவாசி கைவிட்டேன்.

கடையின் அமைப்பையும் சொல்லவேண்டும், ஏனென்றால் வருத்தத்தின் வேர் அங்கேதான் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தில் அக்கா ஒரு இன்வேட்டர் வாங்கினார். பெரிய போட்டோகொப்பி மெசினை அது தாங்காது. ஒரு சின்ன இங்க்ஜெட் பிரிண்டர், ஒரு மின்குமிழ், வலைக் கேபிள்களை இணைக்கும் எட்டுத் துளை நெட்வொர்க் சுவிட்ச் ஒன்று, இவ்வளவும் அதில் ஓடும். ஆனால் இணையம் தரும் ரவுட்டர் கடையில் இல்லை. முன்வீட்டில், வீட்டுக்காரரின் விறாந்தையில். அங்கிருந்து ஒரு கேபிள் மாமரத்தடியால் வந்து சுவர்த் துளைக்குள் நுழைந்து சுவிட்சில் ஏறுகிறது. ரவுட்டரின் முதுகில் ஒரு யூஎஸ்பி டிஸ்க். கடையின் கோப்பெல்லாம் அதில். மின்சாரம் போனால் முன்வீட்டு ரவுட்டர் செத்துவிடும். கடைச் சுவிட்ச் உயிரோடு இருக்கும். லப்டொப்பின் கேபிள் துளையில் பச்சை விளக்கு வழமைபோல எரியும்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. லப்டொப்பை வீட்டுக்கு எடுத்துப்போனேன்.

வீட்டு மேசையில்

எங்கள் வீட்டில் மின்சாரம் இருந்தது. சார்ஜரைச் செருகி, பொத்தானை அமத்தி, தேத்தண்ணி ஊற்றப் போய் வந்தேன். இன்னும் உபுண்டு (லப்டொப்பில் இருந்த லினக்ஸ் இயங்குதளம்) இலச்சினையோடு நின்றுகொண்டிருந்தது. அக்கா சொன்ன விதி இங்கே உடைந்துபோயிற்று: கரண்ட் இருந்தும் மெதுவு. கடையில் கரண்ட் இருந்தால் வேகம், என் வீட்டில் கரண்ட் இருந்தும் மந்தம். அப்படியென்றால் வித்தியாசம் கரண்டில் இல்லை. கடையில் கேபிள் செருகியிருக்கும். இங்கே துளை வெறுமையாக இருந்தது.

இரண்டாவது முறை எழுப்பும்போது எஸ்கேப் விசையை அமத்தினேன். இலச்சினை விலகி, அதன் பின்னால் ஒளிந்திருந்த வரி வந்தது: வலையமைப்பு ஒழுங்காகும் வரை காத்திருக்கும் வேலை ஒன்று நடக்கிறது, இத்தனை வினாடி ஆயிற்று என்று. சிவப்பு உடுக்குறிகள் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தன. எத்தனையோ மாதமாக இந்த லப்டொப் தன் வருத்தத்தைத் தானே சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது, அழகான படமொன்றைப் போட்டு அதன் வாயை மூடி வைத்திருந்தோம். உபுண்டுவை நிறுவித் தருபவர்கள் இந்த விசையை ஒருதரமாவது கடைக்காரருக்குக் காட்டினால் எத்தனையோ பற்றறி மிஞ்சும்.

எழும்பிய பிறகு அளவெடுத்தேன். எழும்பும்போது எல்லாவற்றையும் கிளப்பிவிடுவது சிஸ்டம்டி; அதன் அளவுக் கட்டளையை, சிஸ்டம்டி-அனலைஸ் என்று மட்டும் அடித்தால் நேரம் நாலு துண்டாக வரும்: பயோஸ் பகுதி 5.9 வினாடி, பூட் லோடர் 2.8, கேர்னல் (இயங்குதளத்தின் கரு) 3.6, அதற்குப் பிறகு பயனர்வெளி (சேவைகள் எழும்பும் பகுதி) 2 நிமிடம் 11.2 வினாடி. டிஸ்க் சாகிறதென்றால் கேர்னல் துண்டிலும் ஏதாவது தெரிந்திருக்கும், பதிவேட்டில் வாசிப்புப் பிழைகள் இருந்திருக்கும். இரண்டும் இல்லை. எஸ்எஸ்டி கதையும் அத்தோடு முடிந்தது.

அடுத்தது அதே கட்டளையோடு பிளேம். ஒவ்வொரு சேவையும் (பின்னணியில் ஓடும் வேலை) எவ்வளவு நேரம் எடுத்தது என்று இறங்குவரிசையில் காட்டும். உச்சியில் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி-வெயிட்-ஒன்லைன், 2 நிமிடமும் சில மில்லி வினாடியும். இவ்வளவு வட்டமான எண்ணைக் கண்டால் வேலை செய்த நேரம் என்று எடுக்கக்கூடாது. யாரோ வைத்த கெடு முடிந்த நேரம் அது. இந்தச் சேவையின் கெடு 120 வினாடிதான்.

ஆனால் பிளேம் பட்டியலை மட்டும் பார்த்து யாரையும் தூக்கில் போடக்கூடாது. சிஸ்டம்டி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். ஒரு சேவை ஒரு மூலையில் இரண்டு நிமிடம் குந்தியிருந்தாலும், உள்நுழைவுத் திரை அதற்காகக் காத்திருக்காவிட்டால் நமக்கென்ன? ஆகவே உண்மையான கேள்வி, திரை ஏன் இதற்காக நின்றது என்பது. அதற்கு கிரிட்டிக்கல்-செயின் என்ற கட்டளை இருக்கிறது. யாருக்குப் பின் யார் என்று சங்கிலியாகக் காட்டும். அதில்தான் எனக்குக் கொஞ்ச நேரம் தலை சுற்றியது. சங்கிலியில், உள்நுழைய விடும் சிஸ்டம்டி-யூசர்-செஷன்ஸ் 2 நிமிடம் 8ஆவது வினாடியில் நிற்கிறது. அதற்கு அடுத்த கண்ணி நெட்வொர்க்.டார்கெட் என்ற இலக்கு, 7ஆவது வினாடியில். நடுவில் இரண்டு நிமிடம், ஆனால் நடுவில் ஒருவரும் இல்லை. வெயிட்-ஒன்லைனின் பெயரே அந்தப் பட்டியலில் இல்லை.

காரணம் இதுதான்: அந்தச் சங்கிலி வெற்றியாக எழும்பியவர்களை மட்டுமே காட்டும். கெடு முடிந்து தோற்றுப்போனவரைக் கணக்கில் எடுக்காது. எனவே சங்கிலியில் இப்படி ஒரு பள்ளம் தெரிந்தால், அந்தப் பள்ளத்துக்குள் விழுந்தவரைப் பதிவேட்டில் தேடவேண்டும். பதிவேட்டைக் காட்டும் ஜேர்னல்சிடிஎல் -பி அடித்து அந்த இரண்டு நிமிடத்துக்குப் போனேன். மூன்று வரிகள் அடுத்தடுத்து. வலையிணைப்புக்குக் காத்திருந்து கெடு முடிந்தது. அடுத்தது, கடைக் கோப்புறையை ஏற்ற (வலையிலுள்ள டிஸ்க்கை அதில் பொருத்த) முடியவில்லை. மூன்றாவது, அதை நம்பியிருந்த ரிமோட்-எஃப்எஸ் இலக்கும் தோல்வி.

முடிச்சு அவிழ்ந்தது. எந்த டிஸ்க்கை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில் ரவுட்டர் டிஸ்க்குக்கு ஒரு வரி, வலைவழிக் கோப்புப் பகிர்வான சிஐஎஃப்எஸ் முறையில், இது வலையில் உள்ளது என்று சொல்லும் _நெட்டெவ் குறிப்போடு. வலையில் இருக்கும் கோப்புறை என்றால் சிஸ்டம்டி தானாகவே அதை நெட்வொர்க்-ஒன்லைன் இலக்குக்குப் பின்னால் நிறுத்தும். அந்தக் கோப்புறைக்குப் பின்னால் ரிமோட்-எஃப்எஸ், அதற்குப் பின்னால் யூசர்-செஷன்ஸ், அதற்குப் பின்னால் உள்நுழைவுத் திரை. தேர் வடம் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவர். முன்னால் நிற்பவர் நகராவிட்டால் கடைசியில் நிற்பவருக்கு ஏன் நிற்கிறோம் என்றே தெரியாது.

இரண்டு முதலாளிகள்

இன்னொரு விசயம் உறுத்தியது. என் வீட்டு வைஃபையை முதல்முறை எழும்பியபோதே சேர்த்துவிட்டேன். அடுத்த முறை வைஃபை சில வினாடியிலேயே இணைந்தது. இணையம் இருக்கிறது. பிறகு யாருக்காகக் காத்திருக்கிறது?

நெட்வொர்க்டி என்ற வலை நிர்வாகியின் நிலையைக் காட்டும் நெட்வொர்க்சிடிஎல் கட்டளையை அடித்தேன். கேபிள் இடைமுகத்துக்கு நேரே "கம்பி இல்லை, ஒழுங்காகிக்கொண்டிருக்கிறது" என்ற கருத்தில் இரண்டு சொல். வைஃபைக்கு நேரே "என் பொறுப்பில் இல்லை". அடுத்து, நெட்வொர்க்மனேஜர் என்ற மற்ற நிர்வாகியின் நிலையைக் காட்டும் என்எம்சிஎல்ஐ. அங்கே நேரெதிர்: வைஃபை இணைந்திருக்கிறது, கேபிள் என் பொறுப்பில் இல்லை.

ஒரு கடைக்கு இரண்டு முதலாளி. கேபிளை நெட்வொர்க்டி பார்க்கிறார், வைஃபையை நெட்வொர்க்மனேஜர் பார்க்கிறார், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. வெயிட்-ஒன்லைன் நெட்வொர்க்டியின் ஆள். தன் முதலாளியின் கேபிள் வந்தால்தான் வலை வந்ததாகக் கணக்கு. வைஃபையில் உலகமே ஓடினாலும் அவர் கண்ணில் படாது.

இது எப்படி வந்ததென்று அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். லப்டொப்பை முதலில் ஆயத்தப்படுத்தித் தந்தவர் கையில் உபுண்டு 22.04 இன் சேவர் (வழங்கிக் கணினிக்கான) பதிப்புத்தான் இருந்ததாம். அதைப் போட்டுவிட்டு மேலே டெஸ்க்டொப்பை ஏற்றியிருக்கிறார். சேவர் நிறுவி, வலையமைப்பை ஒழுங்குசெய்யும் நெற்பிளான் கோப்பு ஒன்றை எழுதிவைக்கும்: இந்தக் கேபிளுக்கு டிஎச்சிபியால் (ரவுட்டரிடம் கேட்டு) முகவரி எடு என்று. யார் நிர்வாகி என்று அதில் எழுதாவிட்டால் நெட்வொர்க்டி என்று பொருள். ஒரு அறையில் எப்போதும் கம்பியோடு கிடக்கும் சேவருக்கு அது சரி. துணிப்பையில் பயணம் போகும் லப்டொப்புக்குச் சரிவராது. சேவர் பதிப்போடு வரும், அமைப்புகளைத் தானாகச் செய்யும் கிளவுட்-இனிட்டை அவர் அகற்றியிருந்தார், அது ஒரு புண்ணியம். இருந்திருந்தால் அதுவும் இதே வரிசையில் வந்து நின்றிருக்கும்.

உபுண்டுவின் மூலமான டெபியன் லினக்ஸில், வலையமைப்புக்குப் பழைய இன்ரபேசஸ் கோப்பை வைத்திருப்பவர்களுக்கு இதே நோய் வேறு பெயரில் வரும். அங்கே கேபிளுக்கு "ஓட்டோ" என்று எழுதியிருந்தால் நெட்வொர்க்கிங் சேவை முகவரி கேட்டு நிற்கும், கெடு 5 நிமிடம். "அலவ்-ஹொட்பிளக்" என்று மாற்றினால் கம்பி செருகும்போது பார்த்துக்கொள்ளும்.

கடையில் ஒரு பரிசோதனை

அடுத்த நாள் கடைக்குப் போய் கேபிளைச் செருகி எழுப்பினேன். 26 வினாடி. பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டு முன்வீட்டு ரவுட்டரை மட்டும் அணைத்தேன். கடையில் மின்விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது, லப்டொப் சார்ஜரில் இருக்கிறது. 2 நிமிடம் 25 வினாடி.

அக்கா மின்விசிறியைப் பார்த்தார், லப்டொப்பைப் பார்த்தார். "கரண்ட் இருக்குதே தம்பி!"

துளையில் பச்சை விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. முன்னர் பார்த்த இருவரும் நெட்வொர்க்கைச் சந்தேகிக்காததற்கு அந்த விளக்குத்தான் காரணமாக இருக்கவேண்டும். விளக்கு சொல்வது கம்பியின் மறுமுனையில் ஒரு உயிர் இருக்கிறது என்பதை மட்டும். அந்த உயிர் சுவிட்ச். முகவரி பங்கிடுவது ரவுட்டர். பூட்டிய தபாற்கந்தோரின் வெளிவிளக்கைப் பார்த்துக்கொண்டு கடிதத்துக்குக் காத்திருந்த மாதிரி. நெட்வொர்க்சிடிஎல் இப்போது "கம்பி இல்லை" என்று சொல்லவில்லை. இணைப்பு அரைகுறை, இன்னும் ஒழுங்காகிக்கொண்டிருக்கிறது என்றது.

என் பிழை

இந்த இடத்தில் நான் நிதானித்திருக்கவேண்டும். கடையில் சனம், அக்காவுக்கு அவசரம், எனக்கோ கண்டுபிடித்த உற்சாகம். வெயிட்-ஒன்லைனை மாஸ்க் செய்தேன். மாஸ்க் என்றால் அந்தச் சேவையின் கோப்பை வெறுமைக்குக் கட்டிவிடுவது; பிறகு யார் கூப்பிட்டாலும் அது எழும்பாது. ரவுட்டர் அணைந்த நிலையிலேயே 22 வினாடியில் திரை வந்தது. அக்கா சோடா வாங்கித் தந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் தொலைபேசி. "தம்பி, கடை ஃபோல்டர் வெறுமையாக் கிடக்கு. நீங்கள் எங்கேயும் மாத்தி வச்சனீங்களோ?"

காத்திருப்பவரை நான் துரத்திவிட்டேன், ஆனால் அவர் காத்திருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் இல்லாததால் நெட்வொர்க்-ஒன்லைன் இலக்கு உடனேயே "வந்துவிட்டது" என்று அறிவித்துவிடும். ரவுட்டர் முகவரி தர எடுக்கும் இரண்டு மூன்று வினாடிக்கு முன்பே கோப்புறையை ஏற்றப் பார்க்கும், தோற்கும், மறுபடி முயலாது. மின்சாரம் இருக்கும் நல்ல நாளிலும் கோப்பு வராது. மெதுவாக வேலை செய்ததை வேகமாக வேலை செய்யாததாக மாற்றிக் கொடுத்திருந்தேன்.

அதைவிடப் பெரியது வர இருந்தது. எஃப்எஸ்டாப்பில் உள்ளதையெல்லாம் ஏற்றும் மவுண்ட் -ஏ கட்டளையை அடிக்கச் சொன்னேன். அடித்தார். பழைய கோப்பெல்லாம் வந்தன. வந்ததும் அக்காவின் குரல் மாறியது. "காலமை அடிச்சுச் சேவ் பண்ணின அத்தியாயத்தைக் காணேல்லை. பிள்ளை முன்னால நிக்குது."

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். நடந்தது இதுதான்: காலையில் கோப்புறை வெறுமையாக இருந்தபோது, அக்கா அதே இடத்தில் புதுக் கோப்பைச் சேமித்திருக்கிறார். அது ரவுட்டர் டிஸ்க்குக்குப் போகவில்லை. லப்டொப்பின் சொந்த எஸ்எஸ்டியில், அதே பெயருள்ள வெற்றுக் கோப்புறைக்குள் விழுந்திருக்கிறது. யாரும் எழுதலாம் என்று அனுமதி திறந்து கிடந்ததால் லப்டொப்பும் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. பிறகு மவுண்ட் -ஏ அடித்ததும், தரையில் கிடந்த காசின்மேல் பாயை விரித்த மாதிரி, டிஸ்க் அதன்மேல் ஏறி மூடிவிட்டது. கோப்பு அழியவில்லை, அடியில் இருக்கிறது. டிஸ்க்கை இறக்கும் யூமவுண்ட் அடித்துப் பாயைச் சுருட்டினேன். அத்தியாயம் அப்படியே கிடந்தது. பென்டிரைவில் எடுத்துக்கொடுத்த பிறகுதான் அந்தப் பிள்ளை கதிரையில் இருந்தது. எனக்கு இருக்க மனம் வரவில்லை.

திருத்தம்

அன்றைக்குக் கடை பூட்டும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றாகச் செய்தேன்.

முதலில் முதலாளியை ஒருவராக்கினேன். நெற்பிளான் கோப்பில் கேபிளுக்கான பகுதியை எடுத்துவிட்டு, நிர்வாகி யார் என்று சொல்ல, ரென்டரர் நெட்வொர்க்மனேஜர் என்று ஒரு வரி. நெற்பிளான் டிரை என்று ஓடவிட்டால், 120 வினாடிக்குள் நாம் ஓம் சொல்லாவிட்டால் பழையபடி திருப்பிவிடும். நேரே அப்ளை அடிப்பதைவிட இது நெஞ்சுக்கு இதம். பிறகு மாஸ்க்கை அகற்றி, நெட்வொர்க்டியையும் அதன் வெயிட்-ஒன்லைனையும் முறையாக டிசேபிள் செய்தேன். இதை மறந்தால் பழைய குருடி கதவைத் திறவடிதான்: பார்க்க ஒரு கம்பியும் இல்லாமலே காத்திருக்கும் ஆள் மிஞ்சுவார்.

நெட்வொர்க்டியையே வைத்திருக்க விரும்புபவர்கள் நெற்பிளானில் அந்தக் கேபிளுக்குக் கீழே "ஒப்ஷனல்: ட்ரூ" என்று எழுதினால் போதும், எழும்பும்போது அதற்காக நிற்காது. இங்கே வைஃபையும் கேபிளும் மாறி மாறித் தேவை என்பதால் நான் மற்ற வழியைத் தேர்ந்தேன்.

முக்கியமான மருந்து எஃப்எஸ்டாப்பில். ரவுட்டர் டிஸ்க் வரியில் நோஃபெயில் (டிஸ்க் ஏறாவிட்டாலும் எழும்பு என்பது), எக்ஸ்-சிஸ்டம்டி.ஓட்டோமவுண்ட், எக்ஸ்-சிஸ்டம்டி.மவுண்ட்-டைம்அவுட்=10 மூன்றையும் சேர்த்தேன். ஓட்டோமவுண்ட் என்றால், எழும்பும்போது கோப்புறையை ஏற்றாது. வாசலில் ஒரு காவலாளியை மட்டும் நிறுத்தும். யாராவது கோப்புறையைத் திறக்கும்போதுதான் டிஸ்க்கைக் கூப்பிடும். ரவுட்டர் இல்லாவிட்டால் பத்து வினாடி பார்த்துவிட்டுப் பிழை சொல்லும். அந்தப் பிழைதான் எனக்கு வேண்டியது: காவலாளி வாசலில் நிற்கும்வரை அடியில் இருக்கும் வெற்றுக் கோப்புறைக்குள் யாரும் தெரியாமல் எழுதமுடியாது. ஆனாலும் மத்தியானத்துப் பயம் போகாமல், டிஸ்க்கை இறக்கிவிட்டு அந்த வெற்றுக் கோப்புறைக்கு, மாற்றமுடியாமல் பூட்டும் சட்டர் +ஐ யும் போட்டுவிட்டேன். இனி ரூட்டாலும் (முழு அதிகாரமுள்ள கணக்காலும்) அதற்குள் எழுதமுடியாது.

மின்சாரம் இல்லாத நேரம் எழுதுவதற்கு, டெஸ்க்டொப்பில் தனியாக ஒரு கோப்புறை. கரண்ட் வந்ததும் அதில் உள்ளதை ரவுட்டர் டிஸ்க்குக்கு நகர்த்தும் வேலையை அக்கா கையாலேயே செய்கிறார். தானாக நடக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதித்தரலாம் என்றேன். "வேண்டாம் தம்பி, எனக்குத் தெரிஞ்சு நடக்கட்டும்" என்றார். அன்று நடந்ததற்குப் பிறகு எதிர்த்துப் பேச எனக்கு வாயில்லை.

ரவுட்டரை அணைத்து மறுபடி அளந்தேன். தொலைபேசிக் கடிகாரத்தில் 21 வினாடியில் உள்நுழைவுத் திரை. ஆனால் சிஸ்டம்டி-அனலைஸ் இன்னும் ஒரு நிமிடத்தை ஒட்டிய எண்ணையே காட்டியது. இதைக் கண்டு சிலர் திருத்தம் பலிக்கவில்லை என்று மறுபடி தோண்டத் தொடங்குவார்கள். வலையில் பிரிண்டர் தேடும் கப்ஸ்-பிரவுஸ்ட் நெட்வொர்க்-ஒன்லைனைக் கேட்கிறது. அதற்காக நெட்வொர்க்மனேஜரின் சொந்தக் காத்திருப்புச் சேவை, 60 வினாடிக் கெடுவோடு, பின்னால் நிற்கிறது. கணக்கு முடிவது அதோடு, ஆனால் உள்நுழைவுத் திரை அதற்காக நிற்பதில்லை. நெட்வொர்க்-ஒன்லைனை யார் யார் கேட்கிறார்கள் என்று சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டிபென்டென்சீஸ் --ரிவேர்ஸ் போட்டுப் பார்த்தேன். திரையின் வழியில் ஒருவரும் இல்லை. அந்தச் சேவையை அப்படியே விட்டேன். காத்திருப்பவரைக் கண்டவுடன் துரத்தும் பழக்கம் எனக்கு அந்த வாரத்தோடு போய்விட்டது.

முன்வீட்டு ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் வாங்கி வைத்திருந்தால் முதலிலேயே இந்த வருத்தம் தெரியாமல் போயிருக்கும் என்று ஒரு நண்பர் சொன்னார். தெரியாமல் போயிருக்கும், உண்மைதான். லப்டொப்பைத் துணிப்பையில் போட்டு வேறு வீட்டுக்குக் கொண்டுபோகும் நாளில் திரும்ப வந்திருக்கும். இப்போது அக்கா யூபிஎஸ் ஒன்றும் வாங்கிவிட்டார், அது டிஸ்க்குக்காக.

பழைய பற்றறியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். மூன்று மணித்தியாலம் தாங்கியது.